வாங்கியது, படித்தது, சாப்பிட்டது

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு வயது 38. பிறந்த ஊர் திருப்பத்தூர். வேலைக்காக பெங்களூர் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மாரத்தஹள்ளியில் குடியிருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ‘சாப்பிடும்போது படிக்காதடி, தின்னதும் ஒட்டாது, படிச்சதும் ஒட்டாது’ என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். இப்போது புத்தகத்தின் இடத்துக்கு போன் வந்துவிட்டது. ஆனால் புத்தகம் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. போன வாரம் எண்ணிப் பார்த்தேன், இன்னும் பிரிக்காத புத்தகம் 41 இருக்கிறது. சமையலறையிலும் இதே கதைதான். ராகி பிஸ்கட், ஓட்ஸ், மல்டிகிரெயின் சிப்ஸ், விதை பாக்கெட் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் ராத்திரி எட்டரை மணிக்கு ஆப்பைத் திறந்து பிரியாணியோ நூடுல்ஸோ ஆர்டர் செய்துவிடுகிறேன். ஒன்பது வயதுப் பையன் டேப்லெட் இல்லாமல் வாயே திறப்பதில்லை. நவம்பரில் ஆபீஸ் செக்கப்பில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0 என்று வந்தது. ‘மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைச் சரி செய்யுங்கள்’ என்றார் டாக்டர். சாப்பிடும்போது படிப்பதை நான் விட்டுவிட வேண்டுமா? புத்தகம் வாங்குவதும் சாப்பாடு ஆர்டர் செய்வதும் ஒரே வியாதி என்கிறார் என் கணவர். அது சரியா?

— ஒரு வாசகி, பெங்களூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 6.0. ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருப்பதை ப்ரீடயாபடீஸ் என்கிறோம். நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடவும் வேண்டாம். 2023ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் சர்க்கரை நோய் ஆய்வின்படி நம் நாட்டில் இந்தக் கட்டத்தில் மட்டும் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். இங்கிருந்து திரும்பி வர வழி இருக்கிறது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் இப்படி எல்லையில் நின்ற 500க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் இரண்டரை வருடம் கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் சரி செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அதுவும் மாத்திரை இல்லாமலேயே. மார்ச் மாதம் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அதுவரை அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

வியாதி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் கணவர் கண்ணில் பட்ட விஷயம் உண்மையானது. புத்தகத்துக்குப் பணம் கட்டியதும் பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது. ராகி பிஸ்கட்டை கூடையில் போட்டதும் உடம்பைக் கவனித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. வாங்கிய அன்றே மனசு கணக்கை முடித்துவிடுகிறது. படிப்பதும் சாப்பிடுவதும் அப்படியே பாக்கி நிற்கின்றன. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எத்தனை புத்தகம் வாங்கினீர்கள், என்னென்ன பாக்கெட் வாங்கினீர்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகப் படித்து முடித்த புத்தகம் எது என்று எழுதவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டது ருசியாக இருந்ததா என்றும் எழுதவில்லை. உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் பேசுகிறார்கள். ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் என்ன வாங்குகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூரில். சாயங்காலம் அப்பா ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் வேர்க்கடலைப் பொட்டலம் நிச்சயம். கூம்பாகச் சுருட்டிய பழைய பேப்பர். கடலை தீர்ந்ததும் அதைப் பிரித்து, முழங்கால் மேல் வைத்து நீவி, படிக்க ஆரம்பித்துவிடுவேன். அல்சூரில் பொட்டலத்துக் காகிதம் எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் தமிழ்த் தொடர்கதையில் ஒரு கிழிந்த பக்கம் வரும், மறுநாள் கன்னடத்தில் நிலம் விற்கும் விளம்பரம், அப்புறம் ஒரு நாள் உருது. கன்னட எழுத்துகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் முன்பே அந்தக் காகிதங்களில் படித்துவிட்டேன். ஒட்டியிருக்கும் உப்பையும் தோலையும் விரலால் தட்டிவிட்டு, ‘இது க, இது ம’ என்று அப்பா காட்டுவார். கடலையும் முடிந்து, காகிதத்தின் இரண்டு பக்கமும் முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தொடர்கதையில் அந்தப் பெண் ரயிலைப் பிடித்தாளா இல்லையா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்போம்.

அந்தக் காகிதம் திரும்பி வர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. செய்தித்தாளில் பலகாரம் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லேயே எச்சரித்தது. அச்சு மையில் உள்ள ரசாயனம் சூட்டிலும் எண்ணெயிலும் இறங்கும். எச்சரித்தது சரிதான். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். அன்றைக்கு நமக்குச் சம்பந்தமே இல்லாத எழுத்தைக்கூட விடாமல் படித்தோம். இன்றைக்கு ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் நமக்காகவே, நம் உடம்புக்குள் என்ன போகிறது என்று சட்டப்படி அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. நாளெல்லாம் போனில் எதையாவது படித்துக்கொண்டே இருக்கும் நாம், கையில் இருக்கும் அந்த எட்டு வரியை விட்டுவிடுகிறோம்.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வேலை கொடுப்பேன். வீட்டில் உள்ள பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். மேஜை மேல் பரப்பி, டிராயரில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். முன்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அண்மையில் ஒரு அம்மா ராகி பிஸ்கட் கொண்டுவந்தார். முன்னால் பச்சை வயலும் ராகிக் கதிரும். பின்னால் அவர் படித்த வரிசை இது: மைதா, சர்க்கரை, பாமாயில், அதற்குப் பிறகு ராகி மாவு 11 சதவீதம். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். அதே மாதிரி ராகி ராகி என்று முன்னால் பெரிதாகப் போட்டுக்கொண்டால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பின்னால் சொல்லியாக வேண்டும். அது 75 கிராம் பாக்கெட். உள்ளே இருந்த ராகி எட்டு கிராம், ஒரு மேஜைக்கரண்டி அளவு. அவருடைய மாமியாருக்குச் சர்க்கரை நோய். ஆறு மாதமாக அவருக்குக் காலைக் காப்பியோடு அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமல் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். எனக்கு அவரிடம் சொல்ல எதுவுமே மிச்சமில்லை.

நீங்களும் உங்கள் அலமாரிப் பாக்கெட்டுகளை இந்த ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பரப்பிப் பாருங்கள். முதல் மூன்று பொருளைப் பார்த்தாலே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். சர்க்கரை பல பேரில் வரும்: இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ். ஊட்டச்சத்துக் கட்டத்துக்குள் ‘ஆடட் ஷுகர்ஸ்’ (கூடுதலாகச் சேர்த்த சர்க்கரை) என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதை 100 கிராம் கணக்கில் பாருங்கள். 100 கிராமுக்கு 24 என்று போட்டிருந்தால், ஐந்து பிஸ்கட், அதாவது சுமார் 40 கிராம் சாப்பிட்டதும் இரண்டு ஸ்பூனுக்கு மேல் சர்க்கரை உள்ளே போய்விட்டது. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பியில் சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சொல்பவர்கள்கூட இந்த இடத்தில் தெரியாமல் ஏமாந்துவிடுகிறார்கள். முன்பக்கத்து வார்த்தைகளை நம்பாதீர்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வார்த்தைக்கே 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், எந்தப் பானத்தையும் அந்தத் தலைப்பின் கீழ் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதே வருடம் ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 17 அறிவுரைகள். பதினேழாவது, லேபிளைப் படியுங்கள் என்பது. அதை முதலாவதாகவே வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மல்டிகிரெயின் சிப்ஸைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2019ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை ஒரே இடத்தில் தங்க வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு வாரம் ஆலையில் தயாராகி பாக்கெட்டில் வரும் சாப்பாடு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த சாப்பாடு. முன்னால் வைத்த சாப்பாட்டில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பாக்கெட் சாப்பாட்டில் இருந்தபோது ஒவ்வொருவரும் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. அந்த வகைச் சாப்பாடு மெல்ல வேலை வைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் பாக்கெட் காலியாகிவிடும். அதனால் கை நிற்காததற்கு உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். அந்தப் பாக்கெட்டை வீட்டுக்குள் விடாமல் இருந்தாலே போதும்.

சரி, படிப்புக்கு வருவோம். உங்கள் அம்மா சொன்னதில் பெரிய பகுதி உண்மை. சாப்பிடும்போது கவனம் வேறு எங்காவது இருந்தால் அந்த வேளையில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறோம், அடுத்த வேளையில் இன்னும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013ல் சொன்னார்கள். சாப்பிட்டது நினைவில் சரியாகப் பதியாதது இதற்கு ஒரு காரணம். மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது மங்கலாக இருந்தால் சாயங்காலம் கை தாராளமாக நீளும். ‘தின்னது ஒட்டாது’ என்று அம்மா சொன்னது இதைத்தான். ஆய்வுக் கட்டுரை படிக்காமலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புத்தகமும் கவனத்தைச் சிதறடிக்கத்தான் செய்யும். இருந்தாலும் போனையும் புத்தகத்தையும் என்னால் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும்: வலது கையில் குழம்பு, இடது கையால் பக்கத்தைத் திருப்ப வேண்டும், புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஓரத்தில் தண்ணீர்ச் சொம்பை வைக்க வேண்டும். பக்கம் திருப்பும்போதெல்லாம் கண் ஒரு தடவை தட்டுக்கு வந்து போகும். அத்தியாயம் முடிந்தால் நிமிர்ந்து பார்ப்போம். போனில் அப்படி ஒரு இடமே வராது. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும். தட்டு காலியானது கண்ணுக்குத் தெரியாது, கை வெறும் தட்டைத் துழாவும். என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு கல்லூரிப் பையன் அப்படித் துழாவியதைப் பார்த்திருக்கிறேன். ‘போதுமாப்பா?’ என்று கேட்டதற்கு ‘சாப்பிட்டேனா ஆன்ட்டி?’ என்று உண்மையாகவே கேட்டான்.

அதனால் என் தீர்ப்பு இது. சாப்பாட்டு மேஜைக்கு போன் வரக் கூடாது. உங்களுடையதும் சரி, கணவருடையதும் சரி. வார நாளில் புத்தகமும் வேண்டாம். ராத்திரி மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டு சாப்பிடுங்கள். மத்தியானம் ஆபீஸில் டப்பாவைத் திறந்தால் கம்ப்யூட்டர் முன்னால் சாப்பிடாதீர்கள், கேன்டீன் வரை நடந்து போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் மட்டும் உங்களுக்கும் புத்தகத்துக்கும் உரியது. அன்றைக்கு எத்தனை தோசை என்பதை முன்பே முடிவு செய்து, எல்லாவற்றையும் தட்டில் போட்டுக்கொண்டு, அப்புறம் புத்தகத்தைத் திறங்கள். இன்னும் ஒரு தோசை வேண்டும் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய் ஊற்ற வேண்டும். பல நாள் எழுந்திருக்கத் தோன்றாது. முப்பது வருடப் பழக்கத்தை ஒரேயடியாகப் பிடுங்கினால் இரண்டு வாரத்தில் அது வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும். இதை நிறையப் பேரிடம் பார்த்தாயிற்று.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய அட்டவணை எதுவும் நான் தரப்போவதில்லை. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாள் முழுவதற்கும் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காய்கறி 400 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. நம் வீடுகளில் இது தலைகீழ். சோறு மலையாக, பொரியல் ஊறுகாய் அளவுக்கு. உங்கள் 6.0க்கு நான் சொல்வது, முதலில் பொரியலையும் கூட்டையும் சாப்பிடுங்கள், பருப்போ முட்டையோ சேர்ந்து போகட்டும், சோறு அப்புறம் வரட்டும். அதே சாப்பாடுதான், ஆனால் இந்த வரிசையில் போனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் அடுக்குமாடி வளாகத்துக்குள்ளேயே நடந்துவிட்டு வாருங்கள். ராகி வேண்டும் என்றால் மில்லில் அரைத்த மாவாக வாங்கிக் களியோ அடையோ செய்யுங்கள். நாட்டிலேயே அதிகம் ராகி விளைகிற மாநிலத்தில் இருக்கிறோம். அதை மைதாவில் கலந்து பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை. களியும் மாவுச்சத்துதான். ஒரு உருண்டைக்கு மேல் வேண்டாம்.

இனி அந்த எட்டரை மணி. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். உங்களைப் போல அவுட்டர் ரிங் ரோட்டில் தினமும் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் நிறைய. ஒரு மணிக்குச் சாப்பிட்டது, அப்புறம் இரண்டு காப்பி, வண்டியில் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குள் நுழையும்போது பசி பற்றி எரிகிறது, உடம்பில் தெம்பு இல்லை, வெங்காயத்தைக் கையில் எடுக்கவே மனசு வராது. அந்த நேரம் பார்த்து போனில் ஒரு செய்தி வரும், பசிக்கிறதா என்று கேட்கும். அந்த நிமிடத்தில் யாராக இருந்தாலும் ஆர்டர் செய்யத்தான் செய்வார்கள். அதனால் எட்டரை மணிப் பிரச்சினையை ஐந்தரை மணிக்கே தீர்க்க வேண்டும். ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, ஒரு முட்டையோ சாப்பிட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலையை வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு வரும். ராத்திரிக்கு பத்து நிமிடத்தில் முடிகிற சமையல் மூன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தோசை மாவு இருந்தால் காய்கறி ஊத்தப்பம். ரவை இருந்தால் பாதிக்குப் பாதி காய் போட்ட உப்புமா. ஒன்றுமே இல்லை என்றால் முட்டைப் பொரியலும் தக்காளி ரசமும். டெலிவரிப் பையன் உங்கள் கேட்டுக்கு வந்து சேரும் நேரத்துக்குள் ஊத்தப்பம் தட்டுக்கு வந்துவிடும்.

ஆப்பில் சேமித்து வைத்த கார்டையும் வாலட்டையும் எடுத்துவிடுங்கள், அறிவிப்புகளை நிறுத்துங்கள். வெளிச் சாப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள், என்ன வரவழைப்பது என்று மத்தியானமே மூன்று பேரும் பேசி முடிவு செய்து, வந்ததைத் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆசைப்பட்டுக் காத்திருந்து சாப்பிடும் பிரியாணி ருசியாகவே இருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த ருசியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

புத்தகங்களுக்கு நான் வைத்தியர் இல்லை. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். 41ஐயும் பார்த்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அவை பிஸ்கட் மாதிரி நமத்துப்போகாது. மார்ச் வரை புதிதாக எதுவும் வாங்காதீர்கள். இரண்டை மட்டும் எடுத்துச் சோபா மேல் வையுங்கள், மற்றதைக் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றுங்கள். புதுப் புத்தகம் வேண்டும் என்று கை பரபரத்தால் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குப் போங்கள். நூலகப் புத்தகத்தில் திருப்பித் தரும் தேதி என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தேதி நம்மைப் படிக்க வைக்கும். சனிக்கிழமை காலையில் கப்பன் பார்க்கில் பாய் விரித்து, யாரும் யாரோடும் பேசாமல் படிக்கிற கூட்டம் ஒன்று சேர்கிறது. குடும்பத்தோடு ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். பையனுக்கும் பிடிக்கும்.

பையனிடமிருந்து டேப்லெட்டைச் சட்டென்று பிடுங்காதீர்கள். முதலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை என்று வையுங்கள். உங்கள் போனும் மேஜையில் இல்லை என்று அவன் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் கேட்பான். முதல் வாரம் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவான். ஊட்டிவிடாதீர்கள், துரத்தாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பசியை வைத்துக்கொண்டு இருக்க மாட்டான். பாக்கெட்டுகளைப் பரப்பும் அன்றைக்குப் பூதக்கண்ணாடியை அவன் கையிலேயே கொடுங்கள். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் துப்பறிகிற வேலை என்றால் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை.

இப்போது அவரைக்காய், அதாவது நம் மொச்சைக்காய், சீசன். டிசம்பரிலும் ஜனவரியிலும் பெங்களூரில் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் குவித்து வைத்திருப்பார்கள். ஹாப்காம்ஸ் கடையிலும் கிடைக்கும். நல்ல காயா என்று பார்க்க, ஒன்றைக் கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். விரலில் பிசுக்காக ஒரு மணம் ஒட்டிக்கொள்ள வேண்டும், கன்னடத்தில் அதைச் சொகடு என்பார்கள். திருப்பத்தூர்க்காரரான உங்களுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உரித்த கொட்டையைச் சனிக்கிழமை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கணவரும் தாம்பாளத்தை நடுவில் வைத்து உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகப் பிதுக்குங்கள். ஈரமும் தோலும் ஒட்டிய கையால் போனை எடுக்க முடியாது. ஒரு கிலோ காய்க்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் பையன் உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். 41ல் எது என்பதை அவனே அலமாரியிலிருந்து எடுக்கட்டும். அவன் தமிழில் தடுமாறினால் பரவாயில்லை, திருத்தாமல் கேளுங்கள்.

குழம்பில் தேங்காயைக் கொஞ்சமாக அரைத்து விடுங்கள். மார்ச்சில் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் புத்தகம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்றும் மறக்காமல் எழுதுங்கள்.